தொலைந்த தொகுப்பும் ஒரு சி.ஆர். கொப்பியும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி வாரம். இலங்கை முழுவதும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சீவித்த காலம் அது. அந்த மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் சிறிய அறையில் நானும் ஓர் இளம் படத்தொகுப்பாளரும் அட்டவணை அனுமதித்த நேரங்களில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தோம். தமிழ்ப் பத்திரிகைகளில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த நான்கு அச்சுக்கோப்பாளர்களைப் பற்றிய ஆவணப்படம். 52 நிமிடங்கள். ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது.

அன்று மாலை அட்டவணைக்கு முன்னரே மின்சாரம் போய்விட்டது. யூ.பி.எஸ். பெட்டி ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது. அதன் மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்ததை அப்போதுதான் அறிந்தோம். மின்சாரம் போன கணத்தில் கணினி எங்களுடைய வேலையைச் சேமித்துக்கொண்டிருந்தது. இரவு வெளிச்சம் வந்ததும் தம்பி கோப்பைத் திறக்க முயன்றார். கோப்பு இருந்தது. அதன் அளவும் சரியாகவே காட்டியது. ஆனால் அது சேதமடைந்துள்ளது, திறக்க முடியாது என்று ஓர் அறிவித்தல் மட்டும் வந்தது. தம்பி நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, உள்ளுக்குள் வெறும் பூச்சியங்கள்தான் இருக்கு" என்றார்.

என்னைப் போன்ற ஈய எழுத்துக் காலத்து ஆளுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஒளிப்பதிவுகள் எல்லாம் வேறு வன்தட்டுகளில் பத்திரமாக இருந்தன. நான்கு பேரின் நேர்காணல்களும் ஒரு வினாடி குறையாமல் இருந்தன. அப்படியானால் தொலைந்தது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்ச் சேர்ந்தவைதான் இக்கட்டுரையில் உள்ளவை.

படத்தொகுப்பு மென்பொருளின் புரொஜெக்ட் கோப்பில் படம் இல்லை. எந்த ஒளிப்பதிவின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எடுப்பது, அதை எதற்குப் பின் வைப்பது, ஒலியை எங்கே தாழ்த்துவது, நிறத்தை எவ்வளவு மாற்றுவது என்ற தீர்மானங்கள் மட்டுமே அதில் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கிகாபைட் ஒளிப்பதிவுகளுக்கு அருகில் அது ஒரு தூசு. மூன்று மாத உழைப்பு முழுவதும் அந்தத் தூசில்தான் இருக்கிறது.

படத்தை ஓரிடத்திலும் தீர்மானங்களை இன்னோரிடத்திலும் வைப்பது கணினி கண்டுபிடித்த வழக்கமன்று. சுருள் காலத்துப் படத்தொகுப்பாளர்கள் மூலச் சுருளை, அதாவது நெகட்டிவை, தொடுவதேயில்லை. அதிலிருந்து எடுத்த வேலைப் பிரதியைத்தான் வெட்டி ஒட்டினார்கள். 35 மில்லிமீற்றர் சுருளின் ஓரத்தில், ஓர் அடிக்கு ஓர் எண்ணாக, தொழிற்சாலையிலேயே எண்கள் பதிந்திருக்கும். ஓர் அடி என்பது 16 சட்டங்கள். நெகட்டிவிலிருந்து வேலைப் பிரதிக்கும் அந்த எண்கள் வந்துவிடும். படத்தொகுப்பாளர் தமது வேலையை முடித்தபின், நெகட்டிவ் வெட்டுபவர் வெள்ளைக் கையுறை அணிந்து, எண்ணுக்கு எண் ஒப்பிட்டு மூலச் சுருளை வெட்டுவார். 1990இல் கொடாக் நிறுவனம் இதே எண்களை இயந்திரமும் வாசிக்கக்கூடிய பட்டைக் குறியீடாகச் சுருளில் பதிக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்து வெட்டும் அறையின் ஒரு பொருளை இங்கே சொல்லியே ஆகவேண்டும். துணி விரித்த ஒரு பெரிய தொட்டி, அதற்கு மேலே வரிசையாகக் கொக்கிகள் அடித்த சட்டம். வெட்டி நீக்கிய துண்டுகள் அந்தக் கொக்கிகளில் தொங்கும். எந்தக் காட்சியின் எந்தத் துண்டு என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். வேலைப் பிரதியின் மேலே மெழுகுப் பென்சிலால் கோடுகளும் குறிப்புகளும் இருக்கும். ஒரு துண்டை எடுக்கவா, விடவா என்று படத்தொகுப்பாளர் தயங்கிய தடம்கூட அந்தக் கோட்டில் தெரியும். ஆக, வைத்தவற்றுடன் விட்டவற்றுக்கும் அந்த அறையில் ஓர் இடம் இருந்தது. ஒட்டு பிரிந்தால் மீண்டும் ஒட்டலாம். சுருள் கிழிந்தால் இன்னொரு வேலைப் பிரதி எடுக்கலாம். முழு வேலையும் ஒரே நொடியில் மறைந்துபோவதற்குத் தீ வரவேண்டும்.

ஒளிநாடா வந்தபோது நிலைமை மாறியது. 1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல நாடாவில் இயங்கும் ஒளிப்பதிவுக் கருவியை வெளியிட்டது. நாடாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எந்தப் படமும் தெரியாது. எனவே இரும்புத் துகள் கலந்த திரவத்தை அதில் தடவி, காந்தத் தடங்கள் தெரியவரும் இடத்தில் சவர அலகால் வெட்டினார்கள். பிறகு வெட்டுவதை விட்டு, ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுத்துத் தொகுக்கும் முறை வந்தது. அதற்கு ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு முகவரி வேண்டியிருந்தது. மணி, நிமிடம், வினாடி, சட்டம் என்று எட்டு இலக்கங்களில் எழுதப்படும் நேரக்குறி அப்படிப் பிறந்தது. சுருளின் ஓர எண் நாடாவில் எடுத்த மறுபிறவி என்று இதைச் சொல்லலாம்.

1971இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் மெமொரெக்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய சி.எம்.எக்ஸ். என்ற நிறுவனம், கணினியால் இயங்கும் தொகுப்புக் கருவியொன்றை வெளியிட்டது. சி.எம்.எக்ஸ். 600 என்பது அதன் பெயர். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் அளவான வட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களே கொள்ளும் கறுப்பு வெள்ளைப் படம். தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வெட்டுமிடத்தைக் காட்டுவார். அந்தப் பெட்டிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் வழியாக வந்த ஒன்று இன்றுவரை நிலைக்கிறது. தீர்மானப் பட்டியல். ஈ.டி.எல். என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வது அதைத்தான்.

ஈ.டி.எல். பட்டியலை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். அவ்வளவு எளிமையானது. வரிசை எண், நாடாவின் பெயர், படமா ஒலியா என்ற குறி, நேர் வெட்டா கரைதலா என்ற குறி, பிறகு நான்கு நேரக்குறிகள்: மூலத்தில் தொடக்கம், மூலத்தில் முடிவு, தொகுப்பில் தொடக்கம், தொகுப்பில் முடிவு. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கிவிடும். தொடக்ககாலத்தில் இதைத் துளையிட்ட காகித நாடாவில் எடுத்துச் சென்றார்கள். பின்னர் வந்த சி.எம்.எக்ஸ். 3600 வடிவத்தை இன்றைய பெரிய மென்பொருள்கள் பலவும் எழுதவும் வாசிக்கவும் செய்கின்றன. சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் அதில் ஒரு வரி சிதைந்தால் அந்த ஒரு வெட்டுத்தான் போகும். மற்றவை அப்படியே இருக்கும். அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டும் போகலாம்.

ஆனால் பட்டியலில் வைத்தவை மட்டுமே உண்டு. கொக்கியில் தொங்கியவற்றுக்கு அதில் வரியில்லை. மெழுகுப் பென்சில் கோட்டுக்கும் இடமில்லை.

1989இல் அவிட் நிறுவனம் தனது மீடியா கொம்போசரை அமெரிக்காவில் ஒளிபரப்பாளர் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியது. 1991இல் அடோபியின் பிறீமியர் வந்தது. 1999இல் அப்பிளின் பைனல் கட் புரோ வந்தது. வோல்டர் மேர்ச் 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படத்தைச் சுருளில் வெட்டத் தொடங்கி, நடுவழியில் அவிட்டுக்கு மாறினார். கணினியில் தொகுக்கப்பட்டுத் தொகுப்புக்கான ஒஸ்கார் விருது பெற்ற முதற்படம் அதுவே. 2003இல் வெளியான 'கோல்ட் மவுண்டன்' படத்தை அவர் பைனல் கட் புரோவில் தொகுத்தார். இந்த வரலாறு பலரும் எழுதியது. நான் நீட்டவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கணினித் தொகுப்பின் புரொஜெக்ட் கோப்பு, ஈ.டி.எல். விட்டுவிட்ட எல்லாவற்றையும் திரும்பவும் உள்ளே எடுத்துக்கொண்டது. முதலாம் வரைவு, ஏழாம் வரைவு, வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளின் தொகுதி, நேரக்கோட்டின் மேலே வைத்த நிறக் குறிகள், அக்குறிகளுக்குள் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அவிட்டில் துண்டுகளை வைக்கும் கோப்புறைக்கு 'பின்' என்றே பெயர். கொக்கிகள் அடித்த பழைய தொட்டியின் ஆங்கிலப் பெயர் அது. தொட்டியும் பட்டியலும் ஒரே கோப்பில் சேர்ந்ததுதான் வசதி. இரண்டும் ஒரே நேரத்தில் போகக்கூடும் என்ற ஆபத்தும் அங்கேதான் வந்தது.

கோப்பு எப்படிச் சிதைகிறது என்பதைத் தம்பிதான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சேமிக்கும்போது ஒரு மென்பொருள் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதலாம். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை முழுதாக எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதிசெய்தபின் பெயரை மாற்றுவதே பாதுகாப்பான முறை. அப்படிச் செய்தால் எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் இரண்டில் ஒன்று முழுதாக மிஞ்சும். ஆனால் மென்பொருள் ஒழுங்காக நடந்தாலும் வன்தட்டின் கோப்பு முறைமை காலை வாரலாம். மக் கணினியிலும் விண்டோஸ் கணினியிலும் ஒரே வட்டைப் பயன்படுத்துவதற்காகப் பலர் எக்ஸ்பட் என்ற முறைமையில் வட்டை வடிவமைக்கிறார்கள். அம்முறைமையில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் நாளேடு கிடையாது. கோப்பின் பெயரும் அளவும் பதிவாகிவிடும், உள்ளடக்கம் இறங்கியிராது. எங்களுக்கு நேர்ந்தது அதுதான். வங்கிப் புத்தகத்தில் தொகை எழுதியாயிற்று, பணம் பெட்டிக்குள் வரவில்லை.

சரி, தன்னியக்கச் சேமிப்பு என்று ஒன்று இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது பிரதி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கோப்புறை மூலக் கோப்புக்குப் பக்கத்திலேயே, அதே வன்தட்டில் இருந்தது. வட்டின் அட்டவணை சிதைந்தபோது அதுவும் திறக்க மறுத்தது. வீட்டுத் திறப்பின் இரண்டாவது பிரதியை அதே திறப்புக் கோவையில் மாட்டி வைத்திருந்தோம்.

இந்த விடயத்தில் எங்களைவிடப் பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறான இடத்தில் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த ஓரன் ஜேக்கப் திரையில் கோப்புகள் மறைவதைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தின் மின்னிணைப்பையே பிடுங்குமாறு தொலைபேசியில் சத்தமிட்டதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். காப்புப் பிரதிகளை எடுத்துப் பார்த்தபோது அவையும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. பிரதி எடுப்பது தினமும் நடந்தது, அதைத் திறந்து சோதிப்பது நடக்கவில்லை. படத்தை மீட்டது கலின் சூஸ்மனின் வீட்டுக் கணினி. தொழில்நுட்ப இயக்குநரான அவர் அண்மையில் தாயாகியிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தார். அதற்காகப் படத்தின் பிரதியொன்று அவர் வீட்டில் இருந்தது. கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, மெதுவாக ஓட்டி வந்தார்கள். பிறகு கதை திருப்தி தரவில்லை என்று படத்தின் பெரும்பகுதியை மறுபடியும் செய்தார்கள் என்பது வேறு விடயம். படம் 1999 நவம்பரில் வெளிவந்தது.

2019 செப்டெம்பரில் ஹொலிவூட்டில் நடந்ததும் இதற்குக் குறைந்ததன்று. அவிட் மென்பொருள் இயங்கிய மக் புரோ கணினிகள் பல, நிறுத்தியபின் மீண்டும் இயங்க மறுத்தன. ஏதோ வைரஸ் என்று வதந்தி பரவியது. கணினியை நிறுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை தொகுப்பு அறைகளுக்குள் ஓடியது. அவிட்டில் தவறில்லை என்று பின்னர் தெரியவந்தது. கூகிள் குரோமின் தன்னியக்கப் புதுப்பிப்பில் இருந்த பிழைதான் காரணம். மக் கணினியின் பாதுகாப்பு ஏற்பாடொன்று அணைக்கப்பட்டிருந்த இடங்களில் அது கோப்பு முறைமையைச் சிதைத்தது. தொகுப்பு அறைகளில் வேறு நிறுவனங்களின் வரைகலை அட்டைகளைப் பொருத்துவதற்காக அந்த ஏற்பாட்டை அணைத்துவைத்திருந்தார்கள். தொகுப்புக் கணினிக்கு வெளியுலக இணையம் எதற்கு என்று பழைய ஆட்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கோப்பு சிதையாமலே சாவதும் உண்டு. 2011 ஜூனில் அப்பிள் பைனல் கட் புரோவின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, ஏழாம் பதிப்பின் புரொஜெக்ட் கோப்புகளை அதனால் திறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு வெளியார் ஒருவர் எழுதிய மென்பொருள்தான் இரண்டுக்கும் பாலம் போட்டது. 2017இல் வந்த மக் இயங்குதளத்தில் ஏழாம் பதிப்பு இயங்கவேயில்லை. அதற்கு முன்னர் தமது கோப்புகளை எக்ஸ்.எம்.எல். எழுத்து வடிவத்தில் எடுத்துவைத்தவர்கள் தப்பினார்கள். அப்படிச் செய்யாதவர்களிடம் ஒரு பிழையுமில்லாத, ஆனால் எவராலும் வாசிக்க முடியாத கோப்புகள் இருக்கின்றன.

நாங்கள் எங்கள் அறைக்குத் திரும்புவோம். அந்த இரவில் நாங்கள் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. பதற்றத்தில் அந்த வன்தட்டில் எதையும் எழுதவில்லை, வட்டைச் சீர்செய்யவா என்று கணினி கேட்டதற்கும் ஆம் என்று சொல்லவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் உறவினரான ஒரு கணினிப் பொறியியலாளரிடம் கொடுத்தோம். அவர் முதலில் முழு வட்டையும் துணுக்குத் துணுக்காக இன்னொரு வட்டில் படியெடுத்தார். மூலத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிரதியில்தான் தேடப்போவதாகச் சொன்னார். நெகட்டிவைத் தொடாமல் வேலைப் பிரதியை வெட்டிய அதே வழக்கம். ஆனால் அவருக்குத் தம் அலுவலக வேலைகளுக்கிடையில், மின்சாரம் உள்ள நேரத்தில் தேட வேண்டியிருந்தது. வாரக்கணக்காகும் என்றார்.

காத்திருக்க முடியாமல் நாங்கள் மறுபடியும் கட்டத் தொடங்கினோம். கையில் இரண்டு இருந்தன. ஒலிக்கலவை செய்பவருக்கு நான்கு நாட்களுக்கு முன் மின்னஞ்சலில் அனுப்பிய குறைந்த தரப் படம் ஒன்று. நல்ல காலமாக அதன் கீழ்ப்பகுதியில் மூலப் பதிவின் நேரக்குறி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று என்னுடைய சி.ஆர். கொப்பி. நேர்காணல்களைப் பார்த்துப் பார்த்து, எந்த வட்டு, எந்த நிமிடம், யார் என்ன சொல்கிறார் என்று நான் பேனையால் எழுதிவந்த கொப்பி. நிருபராக இருந்த காலத்தில் செய்தியைத் தபாலில் அனுப்பும்போது கார்பன் பிரதியொன்றை வைத்துக்கொள்ளும் பழக்கத்தின் மிச்சம் அது. தம்பி ஆரம்பத்தில் அந்தக் கொப்பியைப் பார்த்துச் சிரித்தவர். அந்த வாரம் அதை மேசை விளக்கின் கீழே விரித்து வைத்துக்கொண்டே வேலை செய்தார்.

பழைய அச்சகத்தில் இதே வேலையை ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். முழுப் பக்கத்துக்கும் ஈய எழுத்துகளை அடுக்கி, நூலால் கட்டித் தூக்கி வரும்போது கட்டு அவிழ்ந்து எல்லாம் தரையில் கொட்டிவிட்டன. யாரும் எழுத்துகளைப் பொறுக்கி முன்னிருந்த வரிசையைக் கண்டுபிடிக்க முயலவில்லை. மை காயாத புரூப் தாள் ஒன்று சுவரில் தொங்கியது. அதைப் பார்த்து நான்கு பேர் நான்கு பத்தியாகப் பிரித்துக்கொண்டு மறுபடி கோத்தார்கள். பத்திரிகை தாமதமாக, ஆனால் விடிவதற்குள் வெளிவந்தது. எங்கள் படத்தில் பேசும் நால்வரில் மூத்தவர் அந்த இரவில் பத்தி கோத்தவர்களில் ஒருவர். அவர் 2021இல் காலமாகிவிட்டார்.

ஒன்பது நாட்களில் படத்தின் உருவம் திரும்பி வந்துவிட்டது. வெட்டுகள் நேரக்குறிக்கு நேரக்குறி பொருந்தின. ஒலியின் நுணுக்கங்களும் நிறச் சீரமைப்பும் போனவை போனவைதான், அவற்றைத் தம்பி மீண்டும் செய்தார். நேர்காணல்களை மறுபடி முழுதாகப் பார்க்க நேர்ந்ததால் எனக்கு ஒரு புதையலும் கிடைத்தது. மூத்தவர் அச்சகத்தில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்லும் 40 வினாடிகள். முதல் நாள் இரவே நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்த சக தொழிலாளி ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். குரலில் கசப்பு இல்லை, அதனாலேயே கேட்கக் கனமாக இருக்கும். இதை எப்படி முன்னர் தவறவிட்டோம் என்று நான் தம்பியைக் கேட்டேன். அவர் வேலையில் சேர்ந்ததே 2022 ஜனவரியில்தான். 2020இல் தொகுப்பைத் தொடங்கிய இளைஞர் வெளிநாடு போய்விட்டார். நான்கு மணித்தியால நேர்காணலில் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நாங்களே முடிவுசெய்து, அந்த 40 வினாடிகளைப் படத்தின் நடுவில் வைத்தோம். ஒரு பத்திரிகையாளனின் கண்ணுக்கு அதுதான் படத்தின் உயிர்.

மே மாதத்தில் பொறியியலாளர் அழைத்தார். வட்டின் அட்டவணையைப் பொருட்படுத்தாமல், கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும் மென்பொருளை ஓட்டியதில், தன்னியக்கச் சேமிப்பின் பழைய பிரதியொன்று அரைகுறையாக அகப்பட்டிருந்தது. தொகுப்பு மென்பொருள் அதைத் திறக்காது. ஆனால் இத்தகைய கோப்புகள் பல, உள்ளே எக்ஸ்.எம்.எல். எழுத்துகளைச் சுருக்கிக் கட்டிய பொதிகளே. பொதியின் வால் அறுந்திருந்தாலும் தலையிலிருந்து அறுந்த இடம் வரை அவிழ்க்கலாம். அவர் அவிழ்த்து, ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக அனுப்பியிருந்தார்.

தம்பி அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நல்லாயிருக்கு ஐயா, ஆனால் இடையிடையே சிதைஞ்சு போயிருக்கு" என்று ஓரிடத்தைக் காட்டினார். நேரக்கோட்டில் வைத்த குறிகளுக்கான குறிப்புகள் இருக்கும் பகுதி அது. பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டங்கள். அவற்றுக்கிடையே எறும்புகள் மொய்த்ததுபோல் அரைப்புள்ளிகள்.

அரைப்புள்ளிகளைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சிதைவன்று. பாமினி. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் ஈழத்தமிழர் உலகம் முழுவதும் எழுதிய எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்குமிடம் ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளி விசை. எழுத்துரு இல்லாத இடத்தில் பாமினித் தமிழ் அப்படித்தான் தெரியும். ஆண்டுக்கணக்காகப் பத்திரிகை அலுவலகத்தில் அந்த விசைகளில் பழகிய விரல்கள் என்னுடையவை. தட்டியதும் நானே. தம்பியின் தலைமுறைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

மாற்றியில் போட்டுப் பார்க்கவும் பொறுமையின்றி, வாய்விட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த நாள் நினைவுக்கு வந்தது. 2020 பெப்ரவரி. பெருந்தொற்று வருவதற்குச் சற்று முன்னர் மூத்தவர் மாடிப்படிகளைச் சிரமப்பட்டு ஏறி வந்து, தன் நேர்காணலைத் திரையில் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல நான் குறிகளுக்குள் தட்டினேன். திரையில் ஆங்கிலமாக விழுந்தது. பிறகு ஒழுங்காக எழுதலாம் என்று விட்டுவிட்டேன், கொப்பியிலும் எழுதவில்லை. வேலைநிறுத்தம் பற்றிய இடத்தில் இருந்த குறிப்பு இது: இதைப் போடவேண்டாம் என்கிறார். அந்த ஆளின் பிள்ளைகள் இருக்கிறார்கள், தகப்பனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மின்னஞ்சலில் போன படத்தில் அந்த 40 வினாடிகள் இல்லை. ஏன் இல்லை என்பதை அந்தப் படத்தாலும் சொல்ல முடியவில்லை, என் கொப்பியாலும் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியதாக இருந்தது வாலறுந்த அந்தக் கோப்பு ஒன்றுதான். நானோ நேரில் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தவன்.

இப்போது எங்கள் பழக்கங்கள் மாறிவிட்டன. வேலை செய்யும் வட்டு நாளேடுள்ள முறைமையில் இருக்கிறது. தன்னியக்கச் சேமிப்பு வேறொரு வட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கோப்பைத் தேதியிட்டுப் புதிய பெயரில் சேமித்து, ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்புகிறோம். புரொஜெக்ட் கோப்பு மிகச் சிறியது, அதை அனுப்பாமலிருந்ததற்கு எங்களிடம் ஒரு சாட்டும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஈ.டி.எல்., எக்ஸ்.எம்.எல். இரண்டையும் எடுத்துவைத்து, முந்திய வாரத்துப் பிரதியொன்றை வேறு கணினியில் திறந்து பார்க்கிறோம். யூ.பி.எஸ். மின்கலத்தில் வாங்கிய தேதியை ஒட்டியிருக்கிறோம். குறிப்புகளை யுனிகோட்டில்தான் எழுதுவேன் என்று தம்பிக்கு உறுதி கொடுத்திருக்கிறேன், என் விரல்கள்தான் இன்னும் முழுதாக இணங்கவில்லை.

அன்று மாலையே அந்த 40 வினாடிகளை எடுத்துவிட்டோம். நடுவில் ஒரு சிறிய தாவல் தெரிந்தது. அதை மறைக்க அச்சுக்கோப்பாளரின் கைகளைக் காட்டும் துண்டொன்றை அங்கே வைக்கலாமா என்று தம்பி கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். சி.ஆர். கொப்பியின் பின்னட்டையில் அந்தக் குறிப்பைத் தேதியுடன் பேனையால் எழுதி, கீழே இருவரும் கையொப்பமிட்டோம்.